திருவிழா வீடியோவுக்கு எழுதுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். நம் கடற்கரையில் கொடியேற்றம் ஆனாலும் சந்தனக்கூடு ஆனாலும் தீர்த்தவாரி ஆனாலும், இப்போதெல்லாம் கூடவே ஒரு வீடியோவும் வந்துவிடுகிறது. எடுப்பது ஊர் இளவட்டங்கள்தான். ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கிறது, எடிட்டிங் செல்போனிலேயே முடிகிறது. பின்னணிக் குரலுக்கான ஸ்கிரிப்ட் மட்டும் கடைசி நாள் ராத்திரி அவசரமாக எழுதப்படும். எல்லா ஊருக்கும் ஒரே முதல் வரி: "வரலாற்றுச் சிறப்புமிக்க, அருள் மணக்கும் திருத்தலம்." ஊர்ப் பெயரை மாற்றினால் எந்தக் கோயிலுக்கும், எந்தத் தர்காவுக்கும் பொருந்தும். கோளாறே அதுதான்.

என் கட்சி இதுதான்: தலத்தை விட்டுவிடுங்கள், அங்கே வருகிற ஆளை எழுதுங்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் படம் எடுத்த தம்பிகளுக்கு எழுத உதவியாகப் போயிருந்தேன். ஆலய வரலாறு, 1974 ஒப்பந்தம் என்று பக்கம் பக்கமாகக் கையில் வைத்திருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து போகும் படகில் ஒரு பாம்பன் பெரியவர், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். "என்ன வேண்டுதல் ஐயா?" என்று கேட்டோம். "வேண்டுதல் என்னப்பா வேண்டுதல், எங்க அத்தை மக தலைமன்னார்ல இருந்து வரும். வருசத்துக்கு ஒருக்கா அங்கனதான் பாக்குறது. அந்தோணியார் கூப்பிட்டு வைக்கிறாரு, நாங்க பேசிக்கிறோம்" என்றார். பையில் ஒரு சேலை இருந்தது, அத்தை மகளுக்கு.

அவ்வளவுதான், எழுதி வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் போயின. படம் பெரியவரோடு தொடங்கியது. ஒப்பந்தம் ஒரு வரியாகச் சுருங்கியது. தீவு இலங்கைக்குப் போன கதையைச் சொல்லாவிட்டால், அவர் ஏன் திருவிழா வரை காத்திருக்கிறார் என்பது புரியாதல்லவா? அதற்காக அந்த ஒரு வரி. இந்தக் கதையை நான் சொல்லாத மேடை இல்லை. கேட்டுக் கேட்டு வீட்டில் காது புளித்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், ஆளை எழுதுங்கள்.

சரி, எழுதும் விதம். தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் கண் பார்ப்பது, வலது பக்கம் காது கேட்பது. இரண்டு பக்கமும் ஒன்றையே சொன்னால் வலது பக்கத்தை அடித்துவிடுங்கள். ஓரியூரை எடுத்துக்கொள்வோம். 1693-இல் அருளானந்தர் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் தலை வெட்டுண்ட இடம். அவர் இரத்தம் பட்டுத்தான் மண் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. திரையில் செம்மண் தெரியும்போது "இங்கே மண் சிவப்பாக இருக்கிறது" என்று வாசிக்க வேண்டாம். பார்க்கிறவருக்குக் கண் இருக்கிறது. ஒரு அம்மா அந்த மண்ணை அள்ளி முந்தானையில் முடிகிறார். யாருக்காக? அதைச் சொல்லுங்கள், அது படத்தில் தெரியாது.

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். "இங்கே வந்தால் நோய் தீரும்" என்று பின்னணிக் குரல் சொல்லவே கூடாது. 2001 ஆகஸ்டில், தர்கா இருக்கிற ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள். குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட ஊர் அது. தனக்குக் குணமானதாக ஒருவர் சொன்னால், அவர் முகத்தைக் காட்டி அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். அது அவருடைய சாட்சி. உங்கள் குரலில் வந்தால் வாக்குறுதி ஆகிவிடும்.

அப்புறம் பாட்டைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், கடிகாரம் விடமாட்டேன் என்கிறது. சினிமா மெட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும். உங்கள் ஊர் பஜனைக் குழுவையோ பாடகர் குழுவையோ பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். பெயரையும் மறக்காமல் போடுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.