பல்லுக்கு ஊசி போட்டால் உதடு ஏன் மரத்துப்போகிறது?

[திரையில்: கீழ்த்தாடை எலும்பு, பக்கவாட்டில்]

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். டாக்டரோ பல்லை விட்டுவிட்டு வாயின் கோடியில் ஊசி போடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து, "உதடு மரத்துப் போச்சா?" என்று கேட்கிறார். பல்லுக்கு வந்தவரிடம் உதட்டைப் பற்றி என்ன விசாரணை?

இரண்டுக்கும் ஒரே நரம்பு. பெயர் இன்ஃபீரியர் ஆல்வியோலர்.

முகத்தின் உணர்ச்சியில் பெரும்பகுதி ஐந்தாவது மூளை நரம்பான ட்ரைஜெமினலின் பொறுப்பு. அதன் மூன்று பிரிவுகளில் கடைசியானது, மண்டையோட்டின் அடியில் உள்ள ஃபொரேமன் ஓவேல் என்ற துளை வழியாகக் கீழ்த்தாடைக்கு இறங்குகிறது. நம் நரம்பு அதிலிருந்து கிளைப்பது.

[திரையில்: தாடையின் உட்புறம், துளை மட்டும் சிவப்பில்]

இனிமேல்தான் சுவாரஸ்யம். தாடையின் பின்பகுதி காதை நோக்கி மேலே நிமிர்ந்து நிற்கிறது அல்லவா? அதன் உட்புறத்தில் ஒரு துளை. நரம்பு அதற்குள் நுழைந்து, தமனி, சிரையோடு சேர்ந்து எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. சுவருக்குள் பைப் வைத்து வயர் இழுத்த மாதிரி. வழியில் ஒவ்வொரு பல்லின் வேருக்கும் இழைகள் பிரிந்து போகின்றன. முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே வந்ததும் நரம்பு இரண்டாகிறது. ஒன்று உள்ளேயே தொடர்ந்து முன்பற்களுக்குப் போகும். இன்னொன்று மென்டல் ஃபொரேமன் வழியே வெளியே வந்து, மோவாய்க்கும் கீழுதட்டுக்கும் விரியும். ஆகவே உதடு மரத்தால், மருந்து சரியான நரம்பைப் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

சரி, பல் பக்கத்திலேயே போட்டால் என்ன? மேல்தாடையில் அப்படித்தான் போடுகிறார்கள். அங்கே எலும்பு மெல்லியது, மருந்து ஊறி வேரை எட்டிவிடும். கீழ்க் கடைவாயில் எலும்புச் சுவர் தடிமன். அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் முன்பே மறிக்கிறார்கள். 1884-85 வாக்கில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இதைக் கொகெய்ன் வைத்துச் செய்தார். தன் மேலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையும் ஆனார், பாவம். இன்று பெரும்பாலும் லிக்னோகெய்ன்தான், அந்தப் பயம் இல்லை.

நாக்கில் பாதியும் மரத்துப்போவது, லிங்குவல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால்.

[திரையில்: கண்ணாடி முன் ஒரு முகம்]

உதடு தொங்குவது போலத் தோன்றும். ஆனால் கண்ணாடியில் பார்த்தால் முகம் கோணியிருக்காது. உதட்டை அசைப்பது ஏழாவது நரம்பு. அது வேறு பாதை. எப்போதாவது ஊசி ரொம்பப் பின்னால் போய் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து இறங்கினால் அந்த நரம்பும் மாட்டிக்கொள்ளும். சில மணி நேரம் அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது, அப்புறம் சரியாகிவிடும்.

ஞானப்பல் விஷயம் வேறு. அதன் வேர் சிலருக்கு இந்த நரம்புக் குழாயை ஒட்டியே இருக்கும். பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிடுங்கி மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஊசியும் இல்லை, அடியும் படவில்லை, மோவாய் மட்டும் மரத்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். தாடை எலும்புக்குப் பரவிய புற்றுநோய் சில சமயம் முதலில் இப்படித்தான் தெரியவரும்.