ஆசியா என்ற சிறுகோளும் நம் ஊர்த் தெருவிளக்கும்

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வணிகப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஒரு சிறுகோள், அதன் பாதை, வானத்தை மறைக்கும் தெருவிளக்கு என்று மூன்றைப் பேச வந்தேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் பாறைத் துரும்புகளில் ஒன்று, 67ஆம் எண் கொண்ட ஆசியா. 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் கண்டுபிடித்தார். வரைபடத்தில் இல்லாத புள்ளி தெரிகிறதா, அடுத்தடுத்த இரவுகளில் அது நகர்கிறதா என்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தே பார்த்த காலம். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள், அதனால் அந்தப் பெயர்.

சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு மூன்றே முக்கால் ஆண்டு. பாதை நீள்வட்டம். சூரியனுக்குக் கிட்டே வரும்போது 30 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எட்டப் போகும்போது ஏறக்குறைய 43 கோடி. நாம் இருப்பது 15 கோடியில். ஆகவே, "தலையில விழுமா சார்?" என்று கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன், விழாது.

சென்ற கோடையில் பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போயிருந்தோம். மைதானத்து ஓரத்தில் பெரிய எல்இடி விளக்கு. தொலைநோக்கியில் கண்ணை வைத்த பிள்ளைகளெல்லாம் "வெள்ளையாத்தான் சார் தெரியுது" என்றார்கள். லைன்மேன் அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டோம். அவரும் நல்ல மனுஷர், வந்து அணைத்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையை விட்டு இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். "ஏப்பா, இம்புட்டு வெள்ளியும் இத்தனை நாள் எங்கப்பா போயிருந்துச்சு?" மைதானமே கைதட்டியது. அப்புறம் பாட்டிதான் சப்தரிஷி மண்டலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1988இல் இராஜமோகன் என்ற வானியலாளர் 'இராமானுஜன்' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார் என்றால், அங்கே இருட்டு இருந்தது. விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்கள் நடக்கிற தெருவில் வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்துக்கு எதற்கு? விளக்கின் தலையில் ஒரு தகர மூடி போதும். சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஐயா.

மன்றத் தலைவர் அவர்கள் வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மனு வாசலில் இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.