சண்டைப் படத்தில் அடி வலிக்க வேண்டும்

வணக்கம் மக்களே. டச்பே கடற்கரையில் இருந்து கதைக்கிறேன். காற்று கொஞ்சம் பலம், மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஊர் சுற்றுகிற வீடியோ இல்லை. சண்டைப் படம் பற்றி மனம்விட்டுக் கதைக்கப் போகிறேன்.

எனக்கு ஒன்றுதான் முக்கியம். அடி விழுந்தால் வலிக்க வேண்டும். பத்துப் பேர் வட்டமாக நின்று, முறை வைத்து ஒருவர் ஒருவராக வந்து அடி வாங்கிப் பறக்கிறார்கள். கதாநாயகனுக்குத் தலைமயிர் கூடக் கலையவில்லை. அவருக்கு ஒன்றுமே ஆகாது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் பிறகு நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

1988இல் வந்த ‘டை ஹார்ட்’ பாருங்கள். புரூஸ் வில்லிஸ் படம் முழுக்க வெறுங்காலோடு ஓடுகிறார். வில்லன் அதைக் கவனித்துவிட்டு, ஆளைச் சுடுவதை விட்டுக் கண்ணாடிகளைச் சுடச் சொல்கிறான். தரை முழுக்கக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஓடித் தப்பி, ஒரு குளியலறைக்குள் இருந்து உள்ளங்காலில் ஏறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். கையில் வோக்கி டோக்கி. மனைவியிடம் மன்னிப்புச் சொல்லிவிடு என்று, முகமே தெரியாத ஒரு பொலிஸ்காரரிடம் கேட்பார். அந்த இடத்தில் ஒரு அடி கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வைக்கிற ஒவ்வொரு எட்டும் எனக்கு வலிக்கும்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தைச் சொல்வார்கள். பின்னுக்கு இருப்பவர்களுக்கு ஜெனரேற்றர் சத்தம்தான் கேட்குமாம், வசனம் கேட்காது. ஆனாலும் ஜாக்கி சான் படம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று மாமா சொல்வார். அதை நான் இப்போதும் ஒரு சோதனையாக வைத்திருக்கிறேன். சத்தத்தை நிறுத்திவிட்டுச் சண்டையைப் பார்ப்பேன். யார் எங்கே நிற்கிறார், எந்தக் கை எங்கே போகிறது என்று தெரிந்தால் அது நல்ல சண்டை. 1985இல் வந்த ‘பொலிஸ் ஸ்டோரி’யில், கடைத்தொகுதிக்குள் மின்குமிழ்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்து மேலே இருந்து சறுக்கி வருவாரே, அதற்கு வசனம் எதற்கு? உண்மையாகவே அவருடைய கைகள் எரிகாயப்பட்டன.

இன்றைய படங்கள் பலதில் கமரா குலுங்கும், காட்சியைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள், யாருக்கு அடி விழுந்தது என்றே தெரியாது. வேகமாக வெட்டுவதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். 2015இல் ஜோர்ஜ் மில்லர் எடுத்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ எவ்வளவு வேகம்! ஆனால் பார்க்க வேண்டியது பெரும்பாலும் திரையின் நடுவிலேயே இருக்கும், கண் தேடி அலையாது. படத்தொகுப்புக்காக மார்கரெட் சிக்ஸெலுக்கு ஒஸ்கார் கிடைத்தது. அப்புறம் ஒரு சந்தோசமான விசயம், 2027இல் வெளியாகும் படங்களில் இருந்து சண்டை வடிவமைப்புக்கும் ஒஸ்கார் கொடுக்கப் போகிறார்கள். உடம்பைப் பணயம் வைக்கிறவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பாட்ஷா’வில் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது அவர் திருப்பி அடிக்க மாட்டார். அந்தப் பொறுமையை நாங்களும் அவரோடு சேர்ந்து சுமக்கிறோம். அதனால்தான் தங்கச்சியின் மேல் கை வைத்த பிறகு அவர் கை ஓங்கும்போது, எத்தனை தடவை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் என் முதல் இடம் 2019இல் வந்த ‘கைதி’க்குத்தான். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே இரவு. பத்து வருசம் சிறையில் இருந்தவன் இதுவரை முகம் பார்க்காத மகளைப் பார்க்கப் போகிறான். அவனுக்குத் தோற்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. அன்பறிவ் இரட்டையர் அமைத்த சண்டைகளில் கார்த்தி களைக்கிறார், காயப்படுகிறார், மூச்சு வாங்குகிறார். அதைவிட எனக்குப் பிடித்த ஆள் ஜோர்ஜ் மரியானின் நெப்போலியன். பொலிஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள். மற்றப் பொலிஸ்காரர்கள் ஓடிவிட, அவர் மட்டும் நின்று, கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மேசை கதிரைகளை இழுத்துக் கதவுகளை அடைக்கிறார். பெரிய உடம்பும் இல்லை, சண்டைப் பயிற்சியும் இல்லை. வெளியே ஒரு கூட்டமே கதவை உடைக்கிறது. கார்த்தியின் லொறிச் சண்டைகளை விட அந்தக் கதவுதான் எனக்குப் படபடப்பைத் தந்தது.

‘ஜோன் விக்’கின் முதல் படமும் பிடிக்கும். போகப் போக அவர் எத்தனை மாடியில் இருந்து விழுந்தாலும் எழும்பி நடப்பதால் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. இதில் உங்களில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சண்டைக் காட்சியை, படத்தின் பெயரோடு கீழே எழுதுங்கள். நான் பார்க்காததாக இருந்தால் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவில் கதைக்கிறேன்.