315 கி.மீ. ரேஞ்ச் கார், 90 கி.மீ. ஆபீஸ் ஓட்டம்: ரெண்டாம் நாளே நடுவழியில் நிற்குமா?

வணக்கம். ஒருவருக்குச் செங்கல்பட்டில் வீடு, கிண்டியில் ஆபீஸ் என்று வைப்போம். போக 45, வர 45, மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர். டாடா டியாகோ இவி என்ற எலக்ட்ரிக் கார் 2022-ல் அறிமுகமானபோது, அதன் 24 கிலோவாட் அவர் பேட்டரிக்கு நிறுவனம் சொன்ன ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 315 கிலோமீட்டர். அப்படியென்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. மே மாதத்தில் அப்படி ஓட்டினால், ரெண்டாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் வண்டி கூடுவாஞ்சேரியைத் தாண்டாது. இருந்தாலும் இந்த ஓட்டத்துக்கு அந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம் என்றுதான் சொல்லப்போகிறேன். எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: 315 கி.மீ. என்ற எண் மட்டும்]

முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது? எம்ஐடிசி என்று ஒரு சோதனை முறை. வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஏற்றி, குறித்து வைத்த வேகத்தில் ஓட்டுவார்கள். உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். ஏசி போடுவதில்லை. எல்லா கம்பெனி வண்டிக்கும் ஒரே தேர்வு என்பதால், இரண்டு வண்டிகளை ஒப்பிட இந்த எண் உதவும். ஆபீஸ் போக உதவாது. டாடாவே இப்போது சி75 என்று இன்னொரு எண்ணையும் தருகிறது, அதாவது நூற்றில் 75 பேருக்கு நிஜ ரோட்டில் கிடைக்கும் ரேஞ்ச். 45 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள நெக்சான் எலக்ட்ரிக் காருக்குச் சோதனை எண் 489, சி75 எண் 350 முதல் 370 வரை. இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்ல பழக்கம். எல்லா நிறுவனமும் செய்ய வேண்டும்.

சரி, இப்போது நான் ஆசையாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

[திரையில்: குரோம்பேட்டை, சாயங்காலம் ஏழு மணி, சிவப்பு பிரேக் விளக்குகள்]

மோட்டார் கிலோமீட்டர் கணக்கில் சாப்பிடும். ஏசி மணிக்கணக்கில் சாப்பிடும். ஆட்டோ மீட்டரில் ஓடின தூரத்துக்கு ஒரு காசு, வெயிட்டிங்குக்குத் தனிக் காசு என்று ஏறுமே, அதே மாதிரிதான். ரேஞ்ச் பற்றிப் பேசுகிற பெரும்பாலானோர் முதல் காசை மட்டும் எண்ணுகிறார்கள்.

எண்ணிப் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் சின்ன காரின் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம் (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் அவர், அதாவது 1,000 வாட் அவர்). மத்தியானம் முழுக்க வெயிலில் நின்ற வண்டி என்றால், முதல் பத்து நிமிடம் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். ஒரு யூனிட் என்றே வைப்போம். பரனூர் டோல்கேட் தாண்டிக் காலியான ரோட்டில் மணிக்கு 60-ல் போனால், அந்த ஒரு யூனிட் 60 கிலோமீட்டருக்குப் பங்காகிறது. கிலோமீட்டருக்கு 17 வாட் அவர்தான், கண்ணுக்கே தெரியாது. அதே வண்டி தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே மணிக்கு 15-ல் ஊர்ந்தால், கிலோமீட்டருக்கு 67 வாட் அவர். மெதுவாகப் போகும்போது சக்கரத்தைச் சுற்றவே 80 வாட் அவர் பக்கம்தான் ஆகும். அதாவது வண்டியை நகர்த்துவதற்கும் உங்களைக் குளிர வைப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு!

இதைக் கேட்டதும், அப்போ டிராஃபிக்கில் மாட்டினால் பேட்டரி காலியாகிவிடுமா என்ற பயம் வரும். ஆகாது. நிற்கும்போது மோட்டார் எதுவும் எடுப்பதில்லை. மணிக்கு ஒரு யூனிட் வீதம், முழு பேட்டரியோடு அசையாமல் நின்றால் ஒரு நாள் முழுக்க ஏசி ஓடும். ஜாமைவிட ரேஞ்சை வேகமாகக் குடிப்பது வேகம்தான். காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். பெட்ரோல் காருக்கு ஊருக்குள் மைலேஜ் இறங்கும், ஹைவேயில் ஏறும். எலக்ட்ரிக் காருக்கு நேர் தலைகீழ். எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதியே இதுதான்.

[திரையில்: கணக்கு]

இப்போது நம் செங்கல்பட்டுக்காரரின் ஒரு நாள். ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 100 வாட் அவர் வீதம் 90 கிலோமீட்டருக்கு 9 யூனிட். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஏசிக்கு மணிக்கு 1.2 யூனிட் வைத்தால் 4.2. மொத்தம் 13 யூனிட்டும் கொசுறும். இருப்பு 24. வீட்டுக்கு வரும்போது 10 யூனிட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். பேட்டரி வயதாகி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வீடு வந்து சேரலாம், கையில் 6 யூனிட் இருக்கும். ஆனால் ஒரு ராத்திரி சார்ஜ் போடவில்லை என்றால் மறுநாள் முழு ஓட்டம் கிடையாது. 19.2 கிலோவாட் அவர் உள்ள சின்ன பேட்டரியை இவருக்கு நான் சொல்ல மாட்டேன். புதிதில் ஓடும், வயதானால் இழுபறி. தினம் 30 கிலோமீட்டர் போகிறவருக்கோ அதுவே அதிகம்.

இன்னொன்று. பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. தினம் 90, வருடத்துக்கு 300 நாள் என்றால் ஆறு வருடத்துக்குள் கிலோமீட்டர் முடிந்துவிடும்.

ஆக, இவருக்குத் தினமும் சார்ஜ் வேண்டும். இழப்பையும் சேர்த்து 15 யூனிட். வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும் என்றால் ஐந்து மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிடும். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் கவலையில்லை. கரன்ட் பில்லில் மாதம் 375 யூனிட் வரை கூடும், ஸ்லாப் ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லாவிட்டால்? அப்போது 500 கிலோமீட்டர் ரேஞ்ச் உள்ள வண்டியும் தினசரி ஓட்டத்துக்குத் தொல்லைதான். வாரத்துக்கு ஒருமுறையாவது சார்ஜிங் ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் ஷோரூமுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அபார்ட்மென்ட் என்றால், உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்குத் தனி ஒயர் இழுக்க அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. எர்த்திங்கைக் கட்டாயம் சோதியுங்கள். அது சரியில்லாவிட்டால் சார்ஜர் பெட்டி பிழை என்று காட்டி நின்றுவிடும், காலையில் வந்து பார்த்தால் ஒரு யூனிட்கூட ஏறியிருக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஐந்து மணி நேரம் விடாமல் இழுக்கும் கரண்டுக்கு அது சூடாகி உருகும்.

உங்கள் ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், போக வர எத்தனை மணி நேரம், வண்டி நிற்கும் இடத்தில் பிளக் உண்டா, இந்த மூன்றையும் கமெண்ட்டில் எழுதுங்கள். எந்த பேட்டரி போதும் என்று கணக்குப் போட்டுப் பதில் தருகிறேன்.