பாட்டிக்கு இருந்த ஞாபகம் நமக்கு இல்லையா?

வணக்கம் நேயர்களே. எங்க பாட்டிக்கு சொந்தக்காரங்க போன் நம்பர் அத்தனையும் மனப்பாடம். டைரிய தொடவே மாட்டாங்க, கண்ண லேசா மூடிட்டு, டயல் சுத்துற மாதிரி விரல காத்துல அசைப்பாங்க, நம்பர் தானா வாயில வந்துடும். எனக்கு என் பொண்ணு நம்பர் தெரியாது, அவ பேர தொட்டா கால் போயிடுது.

இத வச்சு இந்த தலைமுறைக்கு ஞாபகசக்தியே போச்சுன்னு சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன். ரெண்டு மூணு தலைமுறையில மூளையோட அமைப்பு மாறிடாதுங்க. 1956-ல ஜார்ஜ் மில்லர்ங்குற உளவியலாளர், ஒரே நேரத்துல மனசுல நிக்கிறது சுமாரா 7 விஷயம்னு எழுதினார், பின்னாடி வந்தவங்க அது 4 தான்னு குறைச்சாங்க. பாட்டிக்கும் அவ்வளவுதான். ஆனா அவங்க நம்பர மூணு மூணா பிரிச்சு, ராகம் போட்டு, தெனம் சொல்லி சொல்லி பதிய வச்சாங்க. 2017-ல வந்த ஒரு ஆய்வுல, நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு, தெரிஞ்ச ஒரு வழியில ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டே மனசால நடக்குற பழைய முறைய 40 நாள், தெனம் அரை மணி நேரம் பழக்கினாங்க. 72 வார்த்தையில சராசரியா 26 சொன்னவங்க 62 சொன்னாங்க!

அப்போ மாறினது என்ன? மூளை எத தூக்கி வச்சுக்கணும்னு எடுக்குற முடிவு மாறிடுச்சு. 2011-ல ஒரு சோதனை, சில தகவல்கள கம்ப்யூட்டர்ல டைப் பண்ண சொல்லி, சிலர்கிட்ட இது சேவ் ஆகும்னும் சிலர்கிட்ட டெலிட் ஆயிடும்னும் சொன்னாங்க, டெலிட் ஆயிடும்னு நம்பினவங்களுக்குத்தான் நிறைய ஞாபகம் இருந்துச்சு. இன்னொரு சோதனையில தகவல விட அது எந்த ஃபோல்டர்ல இருக்குங்குறதுதான் நல்லா நின்னுச்சு. எழுத்து வந்தா மறதி வரும்னு சாக்ரடீஸ் பயந்ததா பிளேட்டோவே எழுதி வச்சிருக்கார், அதனால இந்தக் கவலை ஒண்ணும் புதுசு இல்ல.

எனக்கு நெஜமா உறுத்துறது வேற. ஒரு பேரு நாக்கு நுனியில நிக்குது, வரல, நாம என்ன பண்றோம்? அடுத்த செகண்ட் போன எடுக்குறோம். அந்தத் தேடல்தாங்க ஞாபகத்துக்கு தீனி. 2006-ல மாணவர்கள வச்சு பண்ணின சோதனையில, பாடத்த திரும்பத் திரும்ப படிச்சவங்கள விட, ஒருதடவ படிச்சிட்டு பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் நினைவு இருந்துச்சு.

போன மாசத்துலேர்ந்து நான் என் பொண்ணு நம்பர ஒவ்வொண்ணா அழுத்தித்தான் கூப்பிடுறேன். முதல் ஆறு தானா வருது, ஏழாவதுல மட்டும் இன்னும் விரல் கொஞ்சம் நின்னுதான் போகுது.