போர்வெல் ஓட்டும்போது "இன்னும் 100 அடி"ன்னு ஏன் தோணுது? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேள்வி அனுப்பியிருக்காரு. "800 அடி ஓட்டியும் புழுதிதான் பறந்துச்சு. நிறுத்தணும்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சும் 1,100 வரைக்கும் விட்டுட்டேன். ஆசை கண்ணை மறைக்கும்கிறாங்களே, அது எப்படி மறைக்குது? அறிவா யோசிச்சா தப்பிக்க முடியாதா?" இதுதான் கேள்வி.

அண்ணா, ஆசை வந்துட்டா மனுஷன் யோசிக்கவே மாட்டான்னு நினைக்கிறோம். நல்லாவே யோசிக்கிறான். எந்த இடத்துல யோசனையை முடிச்சுக்கிறதுங்கிறதை ஆசை முடிவு பண்ணிடுது. ஜிவா குண்டான்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1990ல எழுதின கட்டுரையில இதை ரொம்பத் தெளிவா பிரிச்சு சொன்னாங்க. சரியான பதில் வேணும்னு தேடறது ஒரு வகை. எனக்கு வேண்டிய பதில்தான் வேணும்னு தேடறது இன்னொரு வகை. ரெண்டாவது வகையிலயும் யாரும் வாய்க்கு வந்ததை நம்பிட முடியாது. அடுத்தவன் கேட்டா நியாயம்னு ஒத்துக்கிற மாதிரி காரணம் வேணும். அதனால மனசு அந்தக் காரணத்தை மட்டும் பொறுக்க ஆரம்பிக்குது.

உங்க கொல்லையில நடந்ததை இப்போ பாருங்க. 600 அடியில கருங்கல்லு போய் வெளுப்பா தூள் வருது. "கல்லு மாறுது, கீழ ஊத்து இருக்கும்." கொஞ்ச நேரம் புழுதி அடங்குது. "ஈரம் தட்டுது." பக்கத்துக் கொல்லையில 950 அடியில தண்ணி வந்தது ஞாபகம் வருது. அதே வரப்புல காய்ஞ்சு போன போரெல்லாம் ஞாபகத்துக்கு வராது. இதுல எதுவுமே பொய் இல்லைங்க. ஒவ்வொண்ணும் உண்மை. அதனாலதான் அந்த நேரத்துல நம்மைப் பிடிச்சு நிறுத்த நமக்கே முடியறதில்லை.

1992ல பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. மாணவர்கள் கையில ஒரு மஞ்சள் காகிதத் துண்டு. எச்சில்ல நனைச்சுப் பாருங்க, உடம்புல ஒரு நொதி குறைவா இருக்கான்னு இது காட்டும்னு சொன்னாங்க. சில பேருக்கு, நிறம் மாறினா ஆரோக்கியம்னு சொல்லியிருந்தாங்க. மத்தவங்களுக்கு, மாறாம இருந்தாத்தான் ஆரோக்கியம்னு. நிஜத்துல அது சாதாரண காகிதம், எப்பவுமே மாறாது. மாறாததைக் கெட்ட செய்தியா நினைச்சவங்க ரொம்ப நேரம் காத்திருந்தாங்க, திரும்பத் திரும்ப சோதிச்சாங்க. நல்ல செய்தியா நினைச்சவங்க சீக்கிரமே முடிச்சுக்கிட்டாங்க.

அந்த ரெண்டாவது கூட்டத்தை நாம கவனிக்கறதே இல்லை. 250 அடியில தண்ணி பீச்சி அடிச்சா, சரியான்னு திரும்ப சோதிக்கிறவங்க எத்தனை பேர்? கம்ப்ரசர் காத்து அடிச்சு வெளிய தள்ளுற தண்ணி, ஏற்கனவே தேங்கி நின்னதாவும் இருக்கலாம். மோட்டார் இறக்கி பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டினாத்தான் ஊறுற அளவு தெரியும். அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட பார்த்த அளவு சித்திரையில நிக்காது. அந்த ஒரு நாள் தண்ணியை நம்பி சொட்டுநீர்க் குழாய், தக்காளி நாத்து, கடன்னு இறங்கிடறோம். காய்ஞ்ச போர்ல போற பணத்தை விட இதுல போற பணம் சில சமயம் அதிகம்.

போர் வண்டி ஏஜென்ட் "விடாதீங்க"ன்னு சொன்னதையும் எழுதியிருக்கீங்க. அவர் பொய் சொல்லணும்னு அவசியம் இல்லை. அடிக்கணக்குல கூலி, ஆழம் கூடக் கூட அடிக்கு ரேட்டும் ஏறும். அவர் கண்ணுக்கும் ஈரம் தெரியத்தான் செய்யும். 1995ல வெளியான ஒரு ஆய்வுல, ஒரு விபத்து வழக்கோட காகிதங்களைப் படிக்கிறதுக்கு முன்னாடியே நீ வாதி, நீ பிரதிவாதின்னு சில பேருக்கு சொல்லிட்டாங்க. ஒரு வாதி, ஒரு பிரதிவாதின்னு ஜோடி சேர்த்துப் பேச விட்டப்போ, 28 சதவீத ஜோடிகளுக்கு சமரசம் கூடி வரலை. படிச்ச பிறகு பக்கம் சொன்னப்போ அது 6 சதவீதம். அதே காகிதம்தான். அதனால ஏஜென்ட்டா இருந்தாலும் பங்காளியா இருந்தாலும், அவங்களுக்கு அதுல லாபம் ஒட்டுறதுக்கு முன்னாடி கருத்து கேட்டுடுங்க.

அறிவா, நடுநிலையா யோசிச்சா போதுமான்னு கேட்டீங்க. போதாதுங்க. 1984ல சார்ல்ஸ் லார்டும் அவர் கூட்டாளிகளும் இதையே சோதிச்சாங்க. பாரபட்சம் இல்லாம பாருங்கன்னு சொன்னதுல பலன் இல்லை. இதே ஆதாரம் எதிர்ப் பக்கம் பேசியிருந்தா இப்படியே மதிப்பிட்டிருப்பியான்னு கேக்க வெச்சது வேலை செஞ்சுது. உங்களுக்கு அந்தக் கேள்வி இப்படி வரும்: "கல்லு மாறுறது தண்ணி இல்லைங்கிறதுக்கு அடையாளம்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் அதை நம்பி நிறுத்தியிருப்பேனா?"

அடுத்த போருக்கு வண்டி வர்றதுக்கு முந்தின வாரமே உக்காந்து எழுதுங்க. சுத்துவட்டாரத்துல போட்ட எல்லா போரும், ஆழத்தோட. காய்ஞ்சதை முதல்ல கேளுங்க, வந்ததை எல்லாரும் தானா சொல்லிடுவாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கெட்டிப் பாறை. தண்ணி மேலாப்புல இருக்கிற சிதைஞ்ச பாறையிலயும், கீழ வெடிப்பு இருக்கிற இடத்துலயும்தான். கீழ போகப் போக வெடிப்பு பொதுவா குறையும். ஆழத்துக்கு உச்சவரம்பு ஒரே எண்ணா இருக்கட்டும். "சுமார் 700, 800"னு எழுதினா அது 900 ஆகும். கேசிங், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து பணத்துக்கும் வரம்பு. நீட்டிக்கணும்னா நிபந்தனையும் அப்பவே: புழுதி நின்னு சேறா வந்தா மட்டும் 100 அடி, ஒரே ஒரு தடவை. அந்தத் தாளை வண்டிகிட்ட நிக்காத ஒருத்தர்கிட்ட, வீட்டுக்காரம்மாகிட்டயோ அண்ணன் தம்பிகிட்டயோ குடுத்துடுங்க. வண்டி ஓடும்போது வெச்ச வரம்பு நிக்காது. "இவ்வளவு போட்டாச்சே"ங்கிறது அந்நேரம் பெரிய காரணமா தெரியும். போட்ட பணம் நிறுத்தினாலும் திரும்பாது, ஓட்டினாலும் திரும்பாது.

வரம்பு வந்தும் மனசு ஆடுச்சுன்னா, வண்டி சத்தத்தை விட்டுத் தள்ளிப் போய் அந்தத் தாளை வெச்சிருக்கிறவங்களுக்கு போன் பண்ணுங்க. "இன்னும் 100 அடி போகலாமா"ன்னு கேக்காதீங்க, உங்க ஆசை அதுலயே தெரிஞ்சு அவங்களும் தலையாட்டிடுவாங்க. "800 அடி ஆச்சு, புழுதிதான், செலவு இவ்வளவு ஆயிருக்கு, அடுத்த 100 அடிக்கு இவ்வளவு ஆகும், என்ன செய்யலாம்"னு மட்டும் சொல்லிட்டு, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க.