வாத்தின் மேல் என்ன எழுதியிருந்தது?

பெற்றோர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன். நேரமில்லாமல் விழுங்கியவற்றில் ஒன்றிரண்டை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் குழந்தைநல மருத்துவர் அம்மையார் அவர்களே, சுங்கத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது முதல் வரிசையில் அமர்ந்து என்னையும் ஒரு சந்தேகத்துக்குரிய பெட்டியைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றிப் பாதி மிகையும் மீதி கற்பனையுமாகப் பேசிய செயலாளர் தம்பி அவர்களே, ஒலிபெருக்கியை இரண்டு முறை சரிசெய்து கொடுத்த நண்பர் அவர்களே, பின்வரிசையில் மடியில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். குழந்தை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். இன்று அவர்களுக்காகத்தான் கூட்டம். என் குரலைவிட அவர்கள் குரல் உரத்துக் கேட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, வண்ணப்பூச்சில் இருக்கும் காரீயம். இரண்டு, பிளாஸ்டிக்கை வளையவைக்கும் ரசாயனங்கள். மூன்று, பொத்தான் பேட்டரியும் குட்டிக் காந்தமும். மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கைப் பற்றி அவருக்குத் தெரியும். அதனால்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி உண்டு. நான் பேசும் கூட்டங்களுக்கு வழக்கமாக வருபவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், போன ஆண்டும் இதைத்தான் சொன்னேன். ஆனால் இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மையான ஓர் ஊர் இருந்தது என்று போன ஆண்டு எனக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு. குழந்தைகள் வயிற்றுவலியோடு வந்தார்கள். சிலருக்குக் கை கால் தளர்ந்தது. சிலருக்குப் பார்வை மங்கியது. காரீய நஞ்சு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-இல் விடையை எழுதினார். அந்த ஊர் வீடுகளுக்கு மரத் தாழ்வாரங்கள், அவற்றுக்கு வெள்ளைப் பூச்சு அடித்த கைப்பிடிகள். வெயிலில் பூச்சு பொடிந்து மாவாகும். பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்து விளையாடிவிட்டு விரலை வாயில் வைப்பார்கள், நகத்தைக் கடிப்பார்கள். நஞ்சு வீட்டு வாசலிலேயே, அழகுக்காகப் பூசிய பூச்சிலேயே இருந்தது. பலர் நம்பவில்லை. பூச்சுக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது 1922-இல். எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து! கண் மருத்துவர் ஒருவர், கண் கெட்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லியும் பதினெட்டு ஆண்டுகள். அமெரிக்காவில் வீட்டுப் பூச்சில் காரீயத்தைத் தடை செய்ய 1978 ஆயிற்று.

சரி, அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

என் பேத்திக்குப் பதினோரு மாதம் ஆனபோது ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு போனேன். நானேதான் வாங்கினேன், பழியை வேறு யார்மேலும் போட வழியில்லை. மஞ்சள் வாத்துத் தலை, சிவப்பு அலகு, அடியில் பச்சைப் பிடி. பிள்ளை அதைக் கையில் வாங்கியதும் எங்கே கொண்டுபோகும்? நேராக வாய்க்கு. அந்த வயதில் உலகத்தைப் பார்க்கும் கண் வாயில்தான் இருக்கிறது. நான்காம் நாள் என் மருமகள் கூப்பிட்டாள். "மாமா, இங்கே வந்து பாருங்கள்." குழந்தையின் கீழ் ஈறில், புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களுக்கு நடுவே, நகக்கண் அளவு மஞ்சள் செதில். வாத்தின் அலகு வெளுத்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. தலையில் இரண்டு பல் பதிந்த தடம்.

லேபிளைத் தேடினேன். அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு வரிசைபோல இரண்டு வரி. எனக்குத் தெரிந்த எந்த எழுத்திலும் இல்லை. மேடை மேடையாக ஏறி எழுத்தறிவைப் பற்றி முழங்குகிறவன் நான்! பூதக்கண்ணாடியோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துக் காட்டினான். என்ன வந்தது தெரியுமா? "மகிழ்ச்சியான வாத்து. ஈரத்தைத் தவிர்க்கவும்." அவ்வளவுதான். செய்தவர் பெயர் இல்லை, கொண்டுவந்தவர் பெயர் இல்லை. ஈரத்தைத் தவிர்க்க வேண்டுமாம்! பதினோரு மாதக் குழந்தையின் வாயைவிட ஈரமான இடம் உலகத்தில் வேறு உண்டா?

கடைக்காரரிடம் போனேன். நல்ல மனிதர். வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, பூச்சு போனால் என்ன, சத்தம் வருகிறதே" என்று ஆட்டிக் காட்டினார். நான் விடவில்லை என்றதும், "மஞ்சள் பிடிக்கவில்லை என்றால் நீல வாத்து தருகிறேன்" என்றார். மொத்த வியாபாரியின் எண்ணைக் கேட்டேன், கொடுத்தார். மொத்த வியாபாரி, "நான் பெட்டி பெட்டியாக வாங்குகிறேன், பெட்டிக்குள் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று இன்னொருவரைக் கைகாட்டினார். அந்த இன்னொருவரின் தொலைபேசி மூன்று நாள் அடித்தது, எடுக்க ஆளில்லை. நேரில் போனால் பூட்டிய கதவு, அதில் வேறொரு நிறுவனத்தின் பலகை. என் வாத்துக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வானத்திலிருந்து நேரே என் பேத்தியின் வாயில் விழுந்திருக்கிறது!

குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடியதை நான் பார்க்கவில்லை, வெளியே நின்றுகொண்டேன். நல்லவேளையாக அளவு குறைவாக இருந்தது. "அப்படியென்றால் கவலையில்லையே?" என்று கேட்டேன். "குறைவு என்றுதான் சொன்னேன், பாதுகாப்பு என்று சொல்லவில்லை" என்றார் மருத்துவர். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருக்கலாம் என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவை நாமும் குழந்தையும் விழுங்கினால், குழந்தையின் உடல் நம்மைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. உடலுக்குக் காரீயம் சுண்ணாம்புச் சத்தைப்போலத் தோன்றும். எலும்பு அதை வரவேற்றுச் சேமிக்கும். வளரும் மூளையிலும் புகுந்துவிடும். வலியில்லை, காய்ச்சலில்லை. நாலைந்து ஆண்டு கழித்துப் பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று ஆசிரியர் சொல்லுவார், நாம் பிள்ளையைத் திட்டுவோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அப்படியானால் ஏன் கலக்கிறார்கள்? காரீயக் குரோமேட் என்ற நிறப்பொடி பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் மலிவாகத் தருகிறது, வெயிலில் லேசில் மங்காது. மலிவு என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 2006-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. விழுங்கியது ஷூவுடன் இலவசமாகக் கொடுத்த இதய வடிவப் பதக்கம். சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு காரீயம். இலவசம்!

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், பார்த்துவிட்டேன். தாலேட் என்ற வகை ரசாயனங்கள் பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்குகின்றன. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளாமல் சும்மா கலந்து கிடப்பவை. சப்பச் சப்ப எச்சிலில் இறங்கிவிடும். சில வகைகள் ஹார்மோன்களோடு விளையாடுகின்றன. வாயில் வைக்கும் பொம்மைகளில் இவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 1999-இலேயே தற்காலிகமாகத் தடை செய்து, 2005-இல் நிரந்தரமாக்கியது. 2007-இல் இன்னொரு கூத்து. தண்ணீர் தெளித்தால் ஒட்டிக்கொள்ளும் வண்ண மணிகள். ஆஸ்திரேலியாவில் அந்த ஆண்டின் சிறந்த பொம்மை என்று பரிசு வாங்கியவை. ஒட்டும் பொருளுக்குப் பதிலாக அதைவிட மலிவான இன்னொன்றைப் போட்டுவிட்டார்கள். அது வயிற்றுக்குள் போய் மயக்க மருந்தாக மாறியது. மணிகளை விழுங்கிய பிள்ளைகள் நினைவிழந்தார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஆனால் என் மனம் இன்னும் அந்த லேபிளிலேயே நிற்கிறது.

ஏனென்றால், அன்பர்களே, அதே 2007 ஆகஸ்டில் மேட்டல் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் காரீயப் பூச்சுக்காக உலகம் முழுவதும் சுமார் 15 லட்சம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவர்களால் அது எப்படி முடிந்தது? பொம்மைக்குப் பெயர் இருந்தது, முகவரி இருந்தது. மறு ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டது. பூச்சில் பத்து லட்சத்துக்கு 600 பங்கு என்றிருந்த காரீய வரம்பு 90 ஆயிற்று. குழந்தைப் பொருள்களில் யார், எங்கே, எப்போது செய்தது என்று அழியாத குறி இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 பொம்மைச் சட்டம் இறக்குமதி செய்பவரின் பெயரையும் முகவரியையும் கேட்கிறது. எச்சரிக்கை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று விதிக்கும் உரிமையை உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கிறது. என் வாத்தை யார் திரும்பப் பெறுவது? பெயரில்லாததை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாண்டாக இதையே கேட்கிறேன், சலிக்கவில்லை. எந்த நாட்டுச் சந்தையில் விற்கிறதோ, அந்த நாட்டுத் தாய்மார்கள் படிக்கும் மொழியில், கொண்டுவந்தவர் பெயரோடு எழுதுங்கள். சிவப்பு வட்டத்துக்குள் அழுமூஞ்சிக் குழந்தையைப் போட்டுக் குறுக்கே கோடு கிழித்தால் போதாது. "மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம்" என்ற அந்தப் படத்தை, "மூன்று வயதுப் பிள்ளை அழும்போது கொடுக்கவும்" என்று புரிந்துகொண்ட ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். நான்தான் அவர்.

சுங்கத் துறைப் பெரியவர் தேநீர் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார். "பொய்யான லேபிளை எந்த மொழியிலும் ஒட்டலாமே?" நியாயமான கேள்வி. அவர் அனுபவத்தில் எத்தனை பார்த்திருப்பார்! வாத்தில் "காரீயம் இல்லை" என்று எழுதிவிட்டால் காரீயம் போய்விடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் புரியாத மொழியில் முகவரியில்லாமல் இருப்பதை வைத்து நான் யாரைக் கேட்க முடியும்? எனக்குப் புரியும் மொழியில், கீழே முகவரியோடு ஒரு பொய் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறலாம். எனக்கு அந்தப் பொய்யாவது வேண்டும் ஐயா.

சீட்டு வந்துவிட்டது. "இரண்டு நிமிடம்" என்று எழுதியிருக்கிறது. பேட்டரி, காந்தம் இரண்டையும் அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவர் அம்மையாரிடம் ஒப்படைக்கிறேன். ஒரு வரி மட்டும்: பொத்தான் பேட்டரியை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். பாதரசம் கலந்த முகக் களிம்புகளையும் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் அதையும் சொல்லுவேன்.

கையெழுத்துத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. நான் பேசிக்கொண்டிருந்தபோது கைமாறிக் கைமாறிப் போன கண்ணாடிக் குப்பி இப்போது யாரிடம் இருக்கிறது? அதற்குள் இருப்பதுதான் அந்த வாத்து. நண்பரொருவர் ஆய்வுக்கூடத்தில் கருவியை அதன் தலையில் வைத்தார். காரீயம் பத்து லட்சத்துக்குத் தொண்ணூறு பங்கைத் தாண்டக் கூடாத இடத்தில் நான்கு இலக்க எண் வந்தது. நான்காவது வரிசையில் யாரோ மூடியைத் திறக்கிறார்கள், தயவுசெய்து திறக்காதீர்கள் அம்மா, பிள்ளை கையை நீட்டுகிறது. அப்படியே செயலாளர் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். வழக்குப் போட எனக்கிருப்பது அது ஒன்றுதான்.